போனில் வந்த உத்தரவு

1

இந்தக் கதையை ஒரு மருந்துக்கடையில் பிடித்தேன். எனக்கு முன்னால் நின்றவர் தன் அப்பாவுக்கு இன்சுலின் கேட்டார். டாக்டரின் சீட்டு கடைக் கணினிக்கு நெட்டில் வர வேண்டும். வரவில்லை. "நெட் இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்றார் கடைக்காரர். மறுநாள் அமைச்சர் டிவியில் சொன்னார்: தொழில்நுட்பக் கோளாறு.

ஒரு ஊர் முழுக்க நெட் அணைவதற்கு யாரோ ஒருவர் விரலை வைத்திருக்க வேண்டும். அந்த விரலைத் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "இருண்ட அறையில் அவன் நடுங்கும் கைகளால்…"

அடித்துவிட்டேன். நெட்டை மூடும் அறைகளில் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும். கையும் நடுங்காது. வேலைதானே.

மறுபடி: அவள் ஒரு நெட் கம்பெனியில் டெக்னீஷியன். ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிபன் டப்பாவைத் திறந்தபோது மேனேஜர் வந்து நின்றார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல நெட்ட மூடணும்மா. லாரிக்காரங்க ஸ்டிரைக்கு."

"உத்தரவுப் பேப்பர் வந்துச்சா சார்?"

"பின்னாடி வரும். மேலிடத்துலேருந்து போன்ல சொல்லிட்டாங்க."

"போன தடவை பேப்பரே இன்னும் நடந்து வந்துக்கிட்டிருக்கு சார்."

"நக்கல் பண்ணாத. கவர்மென்ட் ஆபீசும் கட்சி ஆபீசும் மட்டும் ஓடணும். இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். அடுத்து அவங்க மேசையிலேயே ஒரு பட்டன் வெக்கப் போறாங்க. நீயும் வேணாம், நானும் வேணாம்."

(கட்சி ஆபீஸ் எதற்கு என்று அவளைக் கேட்க வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. சம்பளத்துக்கு இருப்பவர்கள் அதை மனசுக்குள் கேட்டுக்கொள்வார்கள்.)

3

இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. ஓட வேண்டிய இடங்களுக்கு முதலில் வழி விட வேண்டும். அப்புறம்தான் மற்றதை மூட வேண்டும். அவள் முதலில் மூடினாள். அந்த ஊருக்கு நெட் கொடுக்கும் இயந்திரத்தை இங்கிருந்தபடி அவள் தொடுவதும் ஒரு இணைப்பு வழியாகத்தான். அதுவும் சேர்ந்து அறுந்தது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது போல. இனி யாராவது நேரில் போய்த்தான் திறக்க வேண்டும். போகிற சாலையை லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன.

ஆக, கட்சி ஆபீசிலும் நெட் போனது.

ஊர் அணைந்ததற்கு மேலிடத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. கட்சி ஆபீஸ் அரை நாள் அணைந்ததும் விசாரணை வைத்துவிட்டார்கள்.

4

"கை தவறிடுச்சுன்னு சொல்லிடு" என்றான் புருஷன், துணி மடித்துக்கொண்டே.

"சொன்னா?"

"திட்டுவாங்க. வேலை தங்கும்."

"தங்கி? அடுத்த ஊர மூடவா?"

"பின்ன, வேணும்னே செஞ்சேன்னு சொல்லு. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஜெயிலுக்கு வந்து பாக்குறேன்."

அவன் சொன்ன இரண்டு முடிவுகளையும் எழுதினேன். ஒன்றில் அவள் கோழை, இன்னொன்றில் தியாகி. இரண்டிலும் போனில் உத்தரவு சொன்னவன் வீட்டில் சுகமாகச் சாப்பிடுகிறான். கிழித்துப் போட்டேன்.

5

விசாரணை அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி.

"தெரிஞ்சு செஞ்சியா, தெரியாம செஞ்சியா?"

"மூடச் சொன்ன பேப்பரக் காட்டுங்க சார். பதில் சொல்றேன்."

"அப்படி ஒரு உத்தரவே இல்லம்மா."

"அப்ப நான் எத சார் தப்பாச் செஞ்சேன்?"

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார், போட்டார். பிறகு…

இதற்கு மேல் எழுத மாட்டேன். அவள் தெரிந்துதான் செய்தாளா என்பது எனக்குத் தெரியும், ஆனால் இங்கே சொல்வதாக இல்லை. விசாரணைக்காரர்களும் கதை படிப்பார்கள். மேலிடத்து மேசையில் அந்தப் பட்டன் வந்துவிட்டால், பேப்பர் வந்துச்சா என்று கேட்க இவள்கூட இருக்க மாட்டாள். அதனால் ஒன்று மட்டும் செய்துவிட்டுப் போகிறேன். அவள் பக்கத்தில், பதில் சொல்ல வேண்டியவருக்காக, இன்னொரு நாற்காலியைப் போடுகிறேன். காலியாக இருக்கிறது. அதில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைப்பது என்பது உங்கள் பாடு.