வரிசை முடியட்டும், சார்

எங்கள் கடைக்கு ஸ்டூல் வந்த அன்று காலையில் நான் தெருவில் குதிக்காத குறைதான். வேனிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். பாலிஷ் வாசனைகூடப் போகவில்லை. மூன்று மாடி ஜவுளிக்கடை அது. ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை விற்கிற பெண்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். நான் கம்பளி நூல் பிரிவு. என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, எனக்கு நேர் எதிரே போர்வைப் பிரிவு. வீட்டுக்குப் போனதும் ஒரு வாளி வெந்நீரில் யார் முதலில் காலை வைப்பது என்று எங்களுக்குள் அடிபிடி நடக்கும். இரண்டு பேர் காலும் அப்படி வீங்கியிருக்கும்.

இந்த ஸ்டூல் சும்மா வந்துவிடவில்லை. முதலில் மனு கொடுத்தோம். மனுவை யார் படிக்கிறார்கள்? எனக்குத்தான் வாய் நீளம் ஆயிற்றே, கடைப் பெண்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். வீட்டில் மிச்சம் கிடக்கிற நூலையெல்லாம் எடுங்கள், ஸ்டூலுக்கு உறை பின்னுவோம். ஸ்டூல் கிடையாது, உறை மட்டும். சட்டசபை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று அனுப்புவோம், கூடவே ஒரு சீட்டு: "உறை தயார். ஸ்டூல் எப்போது?"

சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பின்னவும் உட்கார்ந்தார்கள். செருப்புக்கடைப் பெண்கள், நகைக்கடைப் பெண்கள், மருந்துக்கடைப் பெண்கள் எல்லாம் வந்து சேர்ந்துகொண்டார்கள். பஸ்ஸில் பின்னினோம், சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் சோற்றை வைத்துக்கொண்டு பின்னலை முறைத்துப் பார்த்தபடி அடுத்த வரிசையைக் கணக்குப் போட்டோம். பார்சல் போய்ச் சேர்ந்ததும் ஒரு உறுப்பினர் அதைத் தொப்பி என்று நினைத்துத் தலையில் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துப் போட்டார். சீட்டைப் படிக்கவில்லை, பாவம். அந்தப் போட்டோ போகாத கைபேசி இல்லை. நாங்கள் காசு கொடுத்திருந்தால்கூட அப்படி ஒரு விளம்பரம் கிடைத்திருக்காது.

தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. சட்டமும் வந்தது: கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும். டிவியில் அதைக் கேட்டபோது நான் கரண்டியும் கையுமாக ஒரு ஆட்டம் போட்டேன். அடுப்பை என் வீட்டுக்காரர்தான் அணைத்தார்.

நாத்தனார் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். "சட்டம் போட்டுட்டா? நம்ம முதலாளி உட்கார விட்டுருவாரா, அண்ணி?"

"நீ வாயைத் திறந்தாலே இப்படித்தான் ஏதாவது வரும். சும்மா இருடி."

அவள் ஒரு கண்ணிகூடப் பின்னியவள் இல்லை. ஊசியைக் கண்டாலே தூரப் போவாள்.

சரி, ஸ்டூல் வந்தது. சதுரமாக வந்தது! ஸ்டூல் என்றால் வட்டமாகத்தான் இருக்கும் என்று யார் எங்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை, எங்களுக்கென்று பின்னி வைத்திருந்த அத்தனை உறையும் வட்டம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். பிறகு இரண்டு இரண்டு பேராகப் பிடித்து இழுத்து மாட்டினோம். கம்பளி நூலாச்சே, வளைந்து கொடுத்தது. என் உறை மஞ்சளும் ஊதாவும். கண்ணைக் குத்தும் என்று நாத்தனார் சொன்னாள். குத்தட்டும்.

அப்போது சூப்பர்வைசர் அக்கா என் காதருகே வந்தாள். நல்லவள்தான், ஆனால் பயந்தவள்.

"ரொம்ப ஆடாதே. சாயங்காலம் அதே வேன் திரும்ப வருதாம். யாரும் உட்காராத ஸ்டூலை எல்லாம் ஏத்தி அனுப்பச் சொல்லியிருக்கார் முதலாளி. 'கொடுத்துப் பார்த்தேன், யாருக்கும் தேவைப்படலை'ன்னு அதிகாரிக்கிட்ட சொல்லிடுவாராம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை ஒரு நாளில் வேனில் ஏற்றி அனுப்புவாரா? பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். பிரிவு பிரிவாகப் போய்ச் சொன்னேன்: "உட்காருங்கடி! நம்ம உரிமை!" தலையை ஆட்டினார்கள். யாரும் உட்காரவில்லை. கடைக்குள் கண்ணாடி போட்ட அறை முதல் மாடியில் இருக்கிறது, முதலாளி அங்கிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் தெரியும். நான் என் மஞ்சள் ஊதா ஸ்டூலுக்கு வந்து, எல்லோரும் பார்க்கும்படி, நன்றாக அழுத்தி உட்கார்ந்தேன்.

ஆகா! முதுகுத்தண்டு வரைக்கும் அந்தச் சுகம் ஏறியது. இதற்காகவா இத்தனை வருஷம் கெஞ்சினோம் என்று அழுகைகூட வந்தது.

படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன், சத்தியமாகத் தெரியாது. யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. சட்டசபைக்கே பார்சல் அனுப்பியவள், ஒரு செருப்புச் சத்தத்துக்கு எழுந்து நிற்கிறேன்.

ஆட்சி மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று ஊரெல்லாம் பேசினவள் நான். சட்டம் பத்திரிகையில் வந்தது, டிவியில் வந்தது, என் முட்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது இன்னும் பழைய ஆட்சியிலேயே இருந்தது.

நாத்தனார் போர்வையை மடித்துக்கொண்டே வந்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"நீங்களே எந்திரிச்சுட்டா நாங்க எப்படி அண்ணி உட்கார்றது? நான் உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

இவள் என்னை நம்பிக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"வேணும்னேவா எந்திரிச்சேன்? காலு தானா எந்திரிக்குது. நான் என்னடி பண்ணுவேன்?"

"வீட்ல மட்டும் எந்திரிக்க மாட்டேங்குதே! அண்ணன் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டீங்க. குக்கர் கத்தினா எந்திரிக்க மாட்டீங்க. வாசல்ல ஆள் வந்து நின்னாலும், 'இருங்க, இந்த வரிசை முடியட்டும்'பீங்க."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கையிலிருந்த போர்வை கீழே விழுந்தது. அவள் பதறிப்போனாள்.

பின்னத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வரிசை நடுவில் யாரும் எழுந்திருக்க மாட்டோம். பாதியில் வைத்தால் கண்ணி நழுவும், கணக்கு மறந்துபோகும், திரும்ப எடுக்கும்போது எந்தப் பக்கம் போனோம் என்றே தெரியாது. வீடு பற்றி எரிந்தாலும் அந்த ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் என்ன ஏது என்று கேட்போம். என் முட்டி முதலாளிக்குப் பயப்படும். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்கு உண்டு, கண்ணி நழுவுகிற பயம்!

சாயங்காலம் நெருங்கியது. முதலாளி இறங்கி வரும் நேரம். கண்ணாடிப் பெட்டிக்கு மேல் மாதிரிக்காகப் பாதி பின்னி வைத்திருந்த ஒரு குளிர் தொப்பி இருந்தது. ஊசியோடு எடுத்தேன், உட்கார்ந்தேன், பின்ன ஆரம்பித்தேன். வாடிக்கையாளருக்குப் பின்னிக் காட்டுவதும் என் வேலைதானே, யார் என்ன சொல்ல முடியும்?

செருப்புச் சத்தம் வந்தது. முட்டி துடித்தது. விரல் நிற்கவில்லை.

"என்னம்மா?" முதலாளி என் முன்னால் வந்து நின்றார்.

"இந்த வரிசை முடிஞ்சிரட்டும், சார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டில் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்து நின்றார்.

அப்புறம்தான் நான் கையைப் பார்த்தேன். தொப்பி பின்னுகிற ஊசி சாதாரண ஊசி இல்லை. இரண்டு ஊசி முனைகளையும் ஒரு வயர் வளையமாக இணைத்திருக்கும். சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டியதுதான். ஓரம் என்று ஒன்று அதில் கிடையாது. வரிசை எங்கே முடிவது?

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னினேன். அவர் நின்றார். நான் பின்னினேன். எதிரே நாத்தனாருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வீட்டில் எத்தனை தொப்பிக்கு அவள் காத்திருக்கிறாள்! முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பின்னாலிருந்த ஸ்டூலை இழுத்தாள். உட்கார்ந்தாள்.

அவளைப் பார்த்துத் துண்டுப் பிரிவுப் பெண் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துக் குழந்தைத் துணிப் பிரிவு. பில் போடுகிறவளுக்கு ஏற்கெனவே நாற்காலி உண்டு, அவள் எழுந்து நின்று கை தட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்! மேல் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் ஓடிப்போய் உட்கார்ந்தார்கள், ஸ்டூல் கால் தரையில் தேய்கிற சத்தம் இங்கே கேட்டது. கடைசியாகச் சூப்பர்வைசர் அக்கா, முதலாளி முதுகுக்குப் பின்னால், மெதுவாக, பாதி மட்டும் உட்கார்ந்தாள். என் நெஞ்சு அடித்த அடியில் கண்ணி இரண்டைத் தவறவிட்டேன். போகட்டும்.

வேன்காரர் உள்ளே வந்து கையைத் தேய்த்துக்கொண்டார். "சார், எதை எல்லாம் ஏத்தணும்?"

முதலாளி சுற்றிலும் பார்த்தார். ஒரு ஸ்டூலும் காலியாக இல்லை. அவர் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார், வேன்காரரைத் தவிர.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லை. நீ போ" என்றார். என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார், ஊசியைப் பார்த்தார், கேட்கவில்லை. படியேறி அறைக்குப் போனார்.

அவர் கதவைச் சாத்தும்வரை நான் எழுந்திருக்கவில்லை. அப்புறமும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.