அக்கா சொன்ன கடை

நீச்சல் குளத்தில் அவளுக்கு 'கோச்' என்று பெயர். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பெற்ற மகளே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். சின்ன வயதிலிருந்து தண்ணீரிலேயே கிடந்தவள் என்பதால் தோள் இரண்டும் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும். பீரோவைத் திறந்தால் டிராக் சூட்டும் டி-ஷர்ட்டும்தான். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, நீச்சல் சங்கத்தில் அவளைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்குகிற வரையில்.

ஆக்கியதோடு விட்டார்களா? விருந்து வேறு வைத்தார்கள். அழைப்பிதழின் அடியில், முறையான உடையில் வரவும் என்று ஒரு வரி.

அவள் செய்த ஒரே தப்பு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாயைக் கொடுத்ததுதான். 'நல்ல கவுன் எங்க வாங்கலாம்?' என்று கேட்டுவிட்டுக் குளத்தில் இறங்கினாள். கரையேறிப் பார்த்தால் போன் சூடாகிக் கிடந்தது. ஆளாளுக்கு ஒரு கடை. அக்கா மட்டும் ஒரே கடையைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள். பழைய கட்டடங்கள் இருக்கிற தெருவில், பெண்களுக்கான கிளாசிக் உடைகள் விற்கிற கடை. 'நான் எப்பவும் போற இடம். கண்ணை மூடிட்டு வாங்கலாம்.'

"பெரியம்மா சொல்ற கடையெல்லாம் மியூசியம்மா," என்றாள் மகள். "ஆன்லைன்ல போடலாம். பிடிக்கலன்னா திருப்பி அனுப்பிடலாம். இதுல என்ன கஷ்டம்?"

கஷ்டம் பார்சலில் வந்து சேர்ந்தது. கை நுழைந்தது, தலை நுழைந்தது. தோளுக்கு வந்ததும் கவுன் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கையைத் தூக்கியபடி இருட்டுக்குள் நின்றுகொண்டு அவள் போட்ட சத்தத்தில் கணவர் ஓடிவந்தார்.

"மூச்சை இழுத்துப் பிடி."

"மூச்சு விட்டே ரொம்ப நேரமாச்சு. முதல்ல இழுங்க!"

இழுத்தார். எங்கோ தையல் விட்டுப்போனது. வெளியே வந்த முகத்தைப் பார்த்து, சமாதானமாக இருக்கட்டும் என்று, "நீ எதைப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

"இதைப் போடவே முடியலையே!"

சனிக்கிழமை மகள் காரை எடுத்தாள். அக்காவும் வந்து ஏறிக்கொண்டாள். முதலில் மகள் சொன்ன மால். அங்கே எந்தக் கவுனைத் தொட்டாலும் ஜிகினா கையோடு வந்தது. ஒன்றுக்கு முதுகு இல்லை. இன்னொன்றுக்கு வயிற்றில் பெரிய ரிப்பன் முடிச்சு. விற்கிற பெண் விடாமல் பின்னாலேயே வந்தாள்.

"மேடம், இது உங்களை ஒல்லியா காட்டும்."

"நான் ஒல்லியா தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்? எனக்குக் கை தூக்க வரணும், அவ்வளவுதான்."

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றாள் அக்கா. அன்று அதை எத்தனையாவது தடவையாகச் சொன்னாளோ! மகள் முறைத்தாள். பெரியம்மாவும் மகளுமாக நகரும் படிக்கட்டில் நின்றபடி, கருப்பு நல்லதா கருநீலம் நல்லதா என்று மல்லுக்கட்டினார்கள். உடுத்தப் போகிறவளை ஒருத்தியும் கேட்கவில்லை. கோச்சின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. விசில் இல்லை. இருந்திருந்தால் ஊதியிருப்பாள்.

"போதும்! அக்கா சொல்ற கடைக்குப் போவோம். அங்கயும் கிடைக்கலைன்னா டிராக் சூட்லதான் போவேன். எவனும் என்னைக் கேக்க முடியாது."

கடை சின்னதுதான். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பொம்மைகள், ஒன்றில் கருநீலக் கவுன். அக்கா முன்னால் நடந்து கதவைப் பிடித்து இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடி இழுத்தாள். 'தள்ளவும்' என்று அவள் கண்ணுக்கு நேரே எழுதியிருந்தது. மகள் எட்டித் தள்ளினாள்.

உள்ளே இருந்த நடுவயதுப் பெண் எழுந்து வந்து, "வாங்க, முதல் தடவையா வர்றீங்களா?" என்று அக்காவைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அக்கா கைப்பையின் ஜிப்பை ஆராய ஆரம்பித்தாள்.

கோச்சுக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. போகிற பஸ்ஸும் வருகிற பஸ்ஸும் இந்தத் தெரு வழியாகத்தான். எப்பவும் போகிற இடமாம்! ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறாள். அதற்குத்தானா இத்தனை நாளாக உயிரை எடுத்தாள்? எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் மகள் வாயைத் திறக்கப் போனபோது, ஏனோ, அவள் காலை மெல்ல மிதித்தாள்.

அக்கா அதற்குள் பொம்மையில் இருந்த கருநீலத்தையே காட்டி உள்ளேயிருந்து எடுக்கச் சொல்லிவிட்டாள். கொண்டுவந்து தங்கையின் மேல் வைத்துப் பார்த்தாள். கோச்சின் பாதி உடம்புக்குக்கூட அது காணாது.

"அக்கா, இது யார் அளவு?"

"கொஞ்சம் பிரிச்சுத் தைச்சா..."

"உன் அளவு. போய்ப் போட்டுப் பாரு."

"எனக்கு எதுக்குடி? நான் எங்க போறேன் இதைப் போட்டுக்கிட்டு?"

"விருந்துக்கு என்கூட ஒருத்தர் வரலாம். வீட்டுக்காரருக்கு அந்தக் கூட்டமே ஆகாது. நீ வா. போ, போட்டுப் பாரு!"

குளத்தில் பிள்ளைகளை விரட்டுகிற குரல் அது. அக்கா திரைக்குப் பின்னால் போனாள். போனவள் வரவேயில்லை. மகள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கண்ணாடி முன்னாடி நிக்கிறாங்கம்மா. சும்மா நிக்கிறாங்க," என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை.

காத்திருந்த நேரத்தில் மகளே இன்னொன்றைத் தேடி எடுத்தாள். சாம்பல் நிறம், கை இல்லாதது, தோளிலிருந்து நேராக விழுந்தது. கோச் அதற்குள் நுழைந்து, கையை மேலே தூக்கினாள், சுழற்றினாள், குனிந்து நிமிர்ந்தாள். எதுவும் கிழியவில்லை. "இது போதும்" என்றாள். அதைச் சொல்ல அவ்வளவு நேரம்தான் ஆனது.

விருந்து நாளன்று அக்கா கருநீலத்தில், முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நடந்துவந்தாள். சங்கத்தின் புதுத் தலைவர் அதுவரை கோச்சை நேரில் பார்த்ததில்லை. வாசலில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தவர், அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் மேடம்! உங்க தலைமையில நம்ம பிள்ளைங்க பெருசா வரணும்."

கோச் அக்காவைப் பார்த்தாள். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று காத்திருந்தாள்.

"கண்டிப்பா," என்றாள் அக்கா. "ஒழுக்கம்தான் சார் முக்கியம்."

தண்ணீரில் இதுவரை கால் நனைக்காதவள்! கோச் தலையில் அடித்துக்கொண்டாள். தலைவர் இன்னும் கையை விடவில்லை. எப்போது விடுவார் என்று பார்த்தபடி, தனக்கு வந்த வாழ்த்துக்குத் தானே பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.