சாம்பல் கோட்டின் ஜோடி

அலமாரியில் இருந்த துணிகளை மூன்றாவது முறையாகக் கட்டிலில் இறக்கிப் போட்டாள் அவள். சாம்பல் நிறப் பேண்ட் இல்லை. இருக்காது என்று அவளுக்கே தெரியும். இருபத்திரண்டு வருடமாக இல்லாத பேண்ட், மனிதர் செத்துப்போய்விட்டார் என்பதற்காக இன்று காலை முளைத்து வந்துவிடுமா?

"பழுப்பு பேண்ட்டையே குடுத்துடலாம்மா. அப்பா எப்பவும் அதைத்தானே போடுவாரு," என்றான் மகன்.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குள் உடுப்பு அங்கே போய்ச் சேர வேண்டும். நான்கு மணிக்கு எடுக்கிறார்கள்.

"இருக்கறப்பதான் அரை சூட்டா திரிஞ்சாரு. போறப்பவும் அரைகுறையா அனுப்பச் சொல்றியா? நாலு பேர் வந்து பாப்பாங்கடா."

அம்மா ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்துவிட்டால் அந்த வீட்டில் யாருடைய பேச்சும் எடுபடாது.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். வெயிலோ மழையோ, கோடு கட்டம் எதுவும் இல்லாத சாம்பல் நிறக் கோட்டும் பழுப்பு பேண்ட்டும்தான் போடுவார். கார் ஜன்னலில் ஊன்றி ஊன்றி ஒரு பக்க முழங்கை மட்டும் தேய்ந்து, அதில் ஒட்டுப் போட்டிருந்தது. கோட்டில் இரண்டு பட்டன். கீழ்ப் பட்டனைப் போட தினமும் மறந்துவிடுவார். வாசலில் நிறுத்தி அவள்தான் போட்டுவிடுவாள்.

கோட் வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் தங்கை இறந்துபோன வருடம் அது. அவர் அதைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"பேண்ட் எங்க?"

"இதானே பேண்ட்டு."

"இந்தக் கோட்டோட பேண்ட்டுங்க! கடைக்காரன் கோட்டை மட்டும் கட்டிக் குடுத்துட்டு பேண்ட்டை அமுக்கிட்டானா? நீங்களும் பேந்தப் பேந்த முழிச்சுட்டு வாங்கிட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல, இது அப்படி..." என்று தொடங்கினார். அதற்குள் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமா, ஏமாந்துட்டேன் போல," என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் ஒரு கைக்குட்டைகூட அவள் வாங்கியதில்லை. அந்த வழியாகப் போனாலும் எதிர் பிளாட்பாரத்தில்தான் நடப்பாள். அவரும் நல்ல பிள்ளையாகக் கூடவே தாண்டுவார். அவள் எப்போதாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கோட்டை மாட்டிக்கொண்டு வந்து எதிரில் நிற்பார். "பேண்ட் கெடச்சுதா?" என்பார். "அந்தக் கடைக்காரன் செத்தாதான் கெடைக்கும்," என்பாள் அவள்.

இப்போது மகனுடன் அதே கடைப் படியேறினால், கடைக்காரர் கல்லுமாதிரி இருந்தார். தலை மட்டும் நரைத்திருந்தது. கழுத்தில் அளவு நாடாவுடன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். அவள் கோட்டை அவர் முன்னால் விரித்துப் போட்டாள்.

"இதோட பேண்ட்டைக் குடுங்க. இருபத்திரண்டு வருஷமா உங்ககிட்டதான் இருக்கு. இன்னிக்கு எனக்கு வேணும்."

"அம்மா..." என்று மகன் அவள் கையைப் பிடித்தான்.

கடைக்காரர் முழங்கை ஒட்டைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"மாஸ்டருக்கு என்னாச்சும்மா?"

"நேத்து சாயங்காலம் போயிட்டாரு," என்றான் மகன். "வகுப்பு முடிச்சு, வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லிட்டு, அப்படியே சாஞ்சுட்டாரு."

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"உங்களுக்கு எப்படி அவரைத் தெரியும்? நாங்க இங்க வர்றதே இல்லையே."

"அவர் வருவாரும்மா. இந்த ஒட்டு நான் போட்டது. கோட்டுக்கு உள்பக்க லைனிங் துணி ரெண்டு தடவை மாத்திக் குடுத்திருக்கேன். எதிர் பிளாட்பாரத்துல நின்னு, ரெண்டு பக்கமும் நல்லாப் பார்த்துட்டுதான் உள்ள வருவாரு." கொஞ்சம் தயங்கினார். "இதுக்குப் பேண்ட்டே கெடையாதும்மா. இது சூட் கோட்டு இல்ல. ஜாக்கெட்டு."

"ஜாக்கெட்டா? அது நாங்க போடறதுங்க!"

"ஆம்பிளைங்களுக்கும் இருக்கு. பாருங்க, முரட்டுத் துணி, பாக்கெட்டு வெளியில தெச்சிருக்கு. தனியாத்தான் விப்போம். வேற நிறப் பேண்ட்டுதான் போடணும். பழுப்பு பேண்ட்டை மேல வெச்சுப் பார்த்துப் பார்த்து, அவரேதான் எடுத்தாரு."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அரை சூட்டு அரை சூட்டுன்னு சொல்லிச் சிரிச்சேனே, அப்பகூட வாயத் தொறக்கலையே மனுஷன்!"

"நானும் கேட்டேம்மா. வீட்டுல சொல்லிடுங்க, என் கடை பேராவது பொழைக்கும்னேன். 'வேணாம். தங்கச்சி போனப்புறம் நாலு மாசமா அவ சிரிக்கவே இல்ல. இதைப் பார்த்துதான் சிரிச்சா. இப்பவும் சிரிக்கிறா. நீங்க கெடுத்துடாதீங்க'ன்னாரு."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாத கோபம். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, கோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல்கள் கீழ்ப் பட்டனைத் தேடிப் போயின.

"அந்தப் பட்டனும் போடறதுக்கு இல்லம்மா," என்றார் கடைக்காரர் மெதுவாக. "சும்மா அழகுக்கு. தெருமுனை திரும்பினதும் கழட்டிடுவேன்னு சொல்வாரு."

பிறகு திரும்பி அலமாரியில் துழாவினார்.

"இதே நிறம் இல்லன்னாலும், கிட்டத்தட்ட ஒரு பேண்ட் இருக்கு. எடுத்துத் தரட்டுமாம்மா?"

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று மகன் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த பழுப்பு பேண்ட்டை எடுத்து நீட்டினான். கடைக்காரர் அதை வாங்கி, தண்ணீர் தெளித்து, கத்தி மடிப்பாகத் தேய்த்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் மகன் பழக்கத்தில் எதிர் பிளாட்பாரத்துக்குத் தாண்டப் போனான். "இந்தப் பக்கமே போலாம்டா," என்றாள்.

நான்கு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் தெருவின் இரண்டு பக்கமும் வண்டிகளை ஒழுங்காக நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். நாத்தனார் அவள் காதருகில் குனிந்தாள்.

"என்ன அண்ணி, கோட்டு ஒரு நிறம், பேண்ட்டு ஒரு நிறமா இருக்கு? அவசரத்துல மாத்தி எடுத்துக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல. இது அப்படித்தான்," என்றாள் அவள்.

ஆஸ்பத்திரி ஆட்கள் விவரம் தெரிந்தவர்கள். மேல் பட்டனை மட்டும்தான் போட்டிருந்தார்கள். தூக்குகிறவர்கள் நான்கு பக்கமும் வந்து நின்றார்கள். "ஒரு நிமிஷம்," என்று அவர்களை நிறுத்திவிட்டு, அவள் குனிந்து கீழ்ப் பட்டனைப் போட்டுவிட்டாள்.