வாயைத் திறந்தபடி நின்ற அமைச்சர்

மூன்றாம் தெருத் தையல்காரியின் வீட்டு டிவிக்குள் ஓர் அமைச்சர் பத்தொன்பது வருடம் வாயைத் திறந்தபடி நின்றார். "உங்கள் தெருவுக்குத் தண்ணீர்" என்று அவர் ஆரம்பித்த நொடியில், படக்குழாய்க்குப் பன்னிரண்டாயிரம் வோல்ட் ஏற்றுகிற இ.எச்.டி. டிரான்ஸ்பார்மர் டப்பென்று வெடித்துப் புகைந்தது. சத்தம் போனது, ஆள் போகவில்லை. பிளக்கைப் பிடுங்கியும் பார்த்தார்கள். வெளியே ஆட்சி கவிழ்ந்தது, அமைச்சர் இரண்டு முறை கட்சி மாறினார், மூன்றாவது முறை மாறுவதற்குள் காலமானார். டிவிக்குள் மட்டும் பதவியில் நீடித்தார். தையல்காரி வாரம் ஒருமுறை அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் உண்டு, தண்ணீர்தான் கிடையாது. தினம் எட்டுக் குடம் கீழ்த்தெரு அடிபம்பிலிருந்து சுமந்ததில் அவளுடைய வலது தோள் இறங்கிவிட்டது. கத்தரி கோணலாக ஓட ஆரம்பித்தது. கை போனால் பிழைப்பே போச்சு என்று பயந்துபோய், டிவி மெக்கானிக்கான கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"என்னமோ சொல்ல வந்தாரே தம்பி, அதை முடிச்சிட்டுப் போகட்டும்."

மெக்கானிக் பின்மூடியைக் கழற்றினார். இ.எச்.டி. விரிந்து கருகியிருந்தது. புதிதாக ஒன்று மாட்டினார்; பிளக் போடுவதற்கு முன்பே அது எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. மூன்றாவது அவர் மீசையில் பாதியையும் கொண்டுபோனது. உள்ளே கை வைக்குமுன் படக்குழாயில் தேங்கிய மின்சாரத்தை எர்த்தில் இறக்கிவிட வேண்டும் என்பது தொழிலின் முதல் பாடம். அதை அவர் செய்யவில்லை.

"பத்தொன்பது வருஷமா பிளக்கே போடல அண்ணி, இதுல என்ன கரண்டு இருக்கப்போகுது?"

"கரண்டு இல்லன்னா அவரு எப்படி நிக்கிறாரு?"

மெக்கானிக் எர்த் வயரை எடுத்தார். வயரின் ஒரு முனையை ஸ்க்ரூடிரைவரிலும் மறு முனையை முற்றத்துக் காய்ந்த தண்ணீர்க் குழாயிலும் கட்டி, ஸ்க்ரூடிரைவரைப் படக்குழாயின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தார். பளீரென்று ஒரு பொறி வயர் வழியே குழாய்க்கு ஓடியது. அமைச்சர், "தருவது பற்றி ஆராய ஒரு குழு" என்று தொடர்ந்தார். அதற்குள் தெரு முழுக்கத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்திருந்தது. அவர் குழுவோடு மறைந்தார். கறுப்பு-வெள்ளை டிவியிலிருந்து வந்த தண்ணீர்தான்; ஆனாலும் தண்ணீருக்கு ஏது நிறம், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தையல்காரி குழாயடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

குடிநீர்த் துறை இன்ஜினியர் வந்து தோண்டிப் பார்த்தார். குழாயின் மறுமுனை எதிலும் சேராமல் மண்ணுக்குள் நின்றது. சற்று யோசித்து, 'திட்டம் குறித்த காலத்தில் நிறைவேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதைத் திறந்துவைக்க இப்போதைய அமைச்சர் வந்தார். திறப்பு விழா நேரடி ஒளிபரப்பு. நாலாவது இ.எச்.டி.யோடு படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. தையல்காரி கூட்டத்துக்குப் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள், மெக்கானிக் திறந்த பின்பக்கத்தில் தயாராக நின்றார். பேச்சில் குழு வருவதற்குள் பிடித்தால்தான் உண்டு என்று அவளுக்குப் புரிந்திருந்தது. அமைச்சர் தொண்டையைச் செருமினார்: "அடுத்து, இந்த ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி"

"தம்பி, இப்ப!"

நல்ல இ.எச்.டி.யைத் தன் கையாலேயே எரித்தது மெக்கானிக்குக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எர்த் வயரை இந்த முறை எதிரே இருந்த காலி மனையில் நட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. சுவர், கட்டில், டாக்டரின் கோட்டு எல்லாமே சாம்பல் நிறம். தோளுக்குத் திங்களும் வியாழனும் பார்க்கிறார்கள். தையல்காரிக்கு இப்போது கத்தரி நேராக ஓடுகிறது.