லைன் கிளியர் ஆகாத பாதை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. பொய்க்கு இன்னும் சூடு ஆறவில்லை. முன்னறையில் மைத்துனர் உட்கார்ந்திருக்கிறார். டோக்கனை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் தேடிக்கொண்டிருப்பதாக அவர் நினைக்கிறார்.

'நான்' என்று தன்மையில் எழுதிப் பார்த்தேன். 'என் மனைவி' என்பதற்கு அப்புறம் வாக்கியம் நகரவில்லை. எனவே இனி 'அவன்'. அவனுக்கு மனைவி இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். மற்றபடி அவனும் இந்த வீட்டில்தான் இருக்கிறான்.

2

முதல் தொடக்கம்:

'மலையிலிருந்து கல் இறக்குவதற்காகப் போடப்பட்ட அந்தச் சிறு ரயில் பாதை, இயற்கை எழில் கொஞ்சும்—'

(விட்டுவிட்டேன். சுற்றுலாத் துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் விஷயம் தெரியாமல் நீங்கள் மேலே போக முடியாது.)

குவாரி மூடியதும் தண்டவாளத்தில் புல் முளைத்தது. ரயில் பைத்தியங்கள் சிலர் ஒரு சங்கம் வைத்துப் புல்லைப் பிடுங்கினார்கள். துருப்பிடித்துக் கிடந்த நீராவி எஞ்சினைத் தேய்த்து, கறுப்பு வர்ணம் அடித்து, மறுபடி மூச்சு விட வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அலைமோதியது. புது ஜோடிகள் எஞ்சினில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை உடுப்பில் கரி அப்பிக்கொள்ளும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அப்புறம் புறவழிச் சாலை வந்தது. கார்கள் நேரே உச்சிக்கே போயின. தண்டவாளத்தைத் தாங்கிய கட்டைகள் உளுத்தன. கொதிகலனைப் பார்க்க வந்த பரிசோதகர் உதட்டைப் பிதுக்கினார்.

(சரிவுக்கு இவ்வளவு போதும்.)

3

இரண்டாம் தொடக்கம். இது கொஞ்சம் தேவலை.

வார நாட்களில் அவனுக்கு அலுவலகம், கணினி. ஞாயிறானால் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. எஞ்சினை ஓட்டுகிறவர் அவன் மைத்துனர். அவருடைய தங்கை நடு ஸ்டேஷனுக்கு மாஸ்டர். அந்தத் தங்கைதான் அவன் மனைவி.

நடு ஸ்டேஷனிலிருந்து உச்சி வரை ஒற்றைத் தண்டவாளம். அதற்கு ஒரே ஒரு டோக்கன்: உள்ளங்கை அகலப் பித்தளை வட்டு, பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல் பைக்குள். அது எந்த வண்டியில் இருக்கிறதோ அந்த வண்டிதான் மேலே போகலாம். வண்டி திரும்பி வந்ததும் அவள் வட்டைப் பெட்டிக்குள் போட்டு மணி அடிப்பாள். லைன் கிளியர், பாதை காலி.*

* டோக்கன் பெட்டிக்கு வெளியே இருக்கிறவரை, பாதையில் ஒரு வண்டி இருக்கிறது என்று அர்த்தம். வண்டி கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. விதி அப்படி.

மேலே போகும்போது வண்டி அங்கே நிற்காது, தவழும். அவள் பிளாட்பார ஓரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்திருப்பாள். அவன் வெளியே சாய்ந்து, அதற்குள் கையை விட்டு வாங்கிக்கொள்வான்.

"மாப்ளே, வளையத்தை வாங்கச் சொன்னா ஆளையே இழுத்துட்டு வந்துருவே போலிருக்கே."

"உங்களுக்கு ஏன் மச்சான் எரியுது?"

"எனக்கு எங்கே எரியுது? அடுப்பே எரியலே. கரியைப் போடு."

4

சீசன் முடிந்த அன்று அவள் டோக்கனைப் பெட்டியில் போடவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த சீசனுக்கு அவள் இடத்தில் வேறு ஆளைப் போடலாமா என்று சங்கத்தில் ஒரு பேச்சு அடிபட்டது.

"நான் இல்லாம எவன் வண்டியை எடுக்கறான்னு பாக்கறேன்," என்றாள்.

வீட்டுக்கு வந்து பீரோவில் ஒளித்தாள். அடுத்த சீசன் வரவில்லை. அதற்குள் அவளும்—

(முதல் பகுதியிலேயே ஒருமுறை எழுதிவிட்டேன். இன்னொரு முறை முடியாது.)

5

இன்று மைத்துனர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"திங்கக்கிழமை தண்டவாளத்தைக் கழட்ட ஆள் வருது மாப்ளே. எல்லாம் பழைய இரும்புக்குப் போகுது. நான் கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டேன். டோக்கன் வெளியே இருக்கு, லைன்ல வண்டி இருக்கு, எப்படிக் கழட்டுவீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தன் சிரிச்சான். ஒருத்தன் தண்ணி கொடுத்தான். கடைசியில, சரி, அதைக் கொண்டாந்து பெட்டியில போட்டு மணி அடிங்க, அப்புறம் கழட்டறோம்னாங்க."

"போடலேன்னா?"

"போடலேன்னா விட்டுருவாங்களா? கொஞ்சம் இழுக்கும். அவ்வளவுதான்."

(இந்த ஆள் எனக்குக் கதாபாத்திரமாகப் பிடிபடவில்லை. விதி விதி என்கிறார். தங்கை அன்று டோக்கனைக் கைப்பையில் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவரும் இவர்தான். அப்போது மூச்சு விடவில்லை. இந்த முரணைச் சரிசெய்யலாமா என்று யோசித்தேன். கிடக்கட்டும்.)

6

முடிவு, ஒன்று. அவன் கொடுக்கிறான். மணி அடிக்கிறது. லைன் கிளியர். ~~அந்தப் பாதையில் இனி யாரும் இல்லை.~~

முடிவு, இரண்டு. கொடுக்கவில்லை. அவள் அனுப்பிய வண்டி இன்னும் வழியில்தான் இருக்கிறது. மேலே, எங்கேயோ ஒரு வளைவில். தாமதம், வேறொன்றும் இல்லை. யாரும் வந்து சேராததால் யாரும் போகவும் இல்லை. எனக்குப் பிடித்த முடிவு இது. ஆனால் இதில் மைத்துனர் வெறுங்கையோடு படியிறங்கிப் போக வேண்டியிருக்கிறது. போய், சிரித்தவன் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

முடிவு, மூன்று. அவன்

கதவு தட்டப்படுகிறது.

"மாப்ளே."

"தேடறேன் மச்சான்."

"பீரோவில துணிக்கு அடியில பாரு. சின்னதுலேர்ந்தே எதையும் அங்கேதான் ஒளிப்பா. என் பம்பரத்தைக்கூட."

அவர் நகரவில்லை. கதவில் சாய்ந்துகொண்டார் போலிருக்கிறது. பலகை முனகியது.

"கிடைக்கலேன்னா கிடைக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் அப்படியே போய்ச் சொல்லிடறேன். சிரிக்கறவன் சிரிச்சுட்டுப் போறான்."

டோக்கன் மேசைமேல்தான் இருக்கிறது. காற்றில் தாள் பறக்காமலிருக்க மேலே வைத்திருக்கிறேன்.

முடிவு மூன்றை எழுதுவதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்: 'கிடைக்கவில்லை.' இனி அவன் எழுந்துபோய்க் கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. திறக்கிறான். அது வரைக்கும் எழுதிவிட்டேன்.

அவன் கையில் டோக்கன் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும், கொஞ்ச நாளைக்கு அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.