பிரீசர் மேல் ஈர வலை

பொழுது சாயும் நேரத்தில், தனத்தின் வீட்டில் மறுபடியும் டக்கென்று ட்ரிப்பர் சுவிட்ச் விழுந்து கரண்ட் நின்றது. முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகவேண்டிய மீனெல்லாம் பிரீசருக்குள் கிடந்தது.

"சனியன் புடிச்ச ட்ரிப்பர்! இத்த கழட்டிட்டு ஒயரை டைரக்டா சேத்துடறேன்" என்று அவள் கணவன் வைத்திலிங்கம் கட்டிங் பிளேயரோடு நாற்காலியில் ஏறினான்.

தனம் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தாள்.

"எறங்குய்யா! அது சும்மா வுழாது, எங்கியோ கரண்டு கசியுது."

"மீனு நாறிட்டா நீயா வாங்கிக்குவ?"

"உன்னப் பாடையில தூக்குறதுக்கு நாறுன மீனே தேவலாம்."

அவன் முணுமுணுத்தபடி இறங்கினான். தனம் காலில் ரப்பர் செருப்பை மாட்டி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போட்டாள். பிறகு ட்ரிப்பரைத் தூக்கிவிட்டாள். விழாமல் நின்றது. ஃபேனைச் சொருகினாள், அப்போதும் ட்ரிப்பர் விழவில்லை. டிவிக்கும் விழவில்லை. பிரீசரைச் சொருகினாளோ இல்லையோ, டக்!

அந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரீசரை நகர்த்தி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கடலிலிருந்து வந்ததும் ஈர வலையை அதன்மேல் காயப்போடுவது வைத்திலிங்கத்தின் வழக்கம். சொட்டிச் சொட்டி இறங்கிய உப்புத்தண்ணி பின்னால் இருந்த ஒயரை அரித்திருந்தது. செம்புக் கம்பி வெளியே வந்து, பிரீசரின் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தினமும் விடியலில், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுதான் அவன் பிரீசர் மேலிருந்து அந்த வலையை இழுப்பான்.

"நீ மட்டும் டைரக்டா சேத்திருந்தா..." தனம் டார்ச்சை அணைத்தாள். "நாளைக்கு எலக்ட்ரீசியன் வந்து பாக்கட்டும். மீனைப் பக்கத்து வூட்டு ஐஸ் பொட்டியில வைப்போம். மொதல்ல அந்த வலையை எடு."

பிளக் பிடுங்கித்தான் கிடந்தது. ஆனாலும் வலையைத் தொட அவன் கை நீளவில்லை.