கடலை நோக்கிய தலைவாயில்

மாடியறையின் நீள்பலகையைச் சூழ்ந்து அன்று அமர்ந்திருந்தோர் நால்வர். மேற்கே சுவரை முதுகிற் கொண்டு குழுவின் தலைவன் வரதன். அவனுக்கு எதிரே, அன்றைய வரைபடத்தை ஆக்கியவனாகிய சாம். தென்புறம் சாளரத்தருகே செங்கமலம். வடபுறம், கதவையொட்டிய இருக்கையில் ரூத். வெளியே, செங்கற்பட்டின் கொளவாய் ஏரி கருமுகிலைத் தன்மேற் போர்த்து அசைவற்றுக் கிடக்க, மாமல்லைக் கடற்கரை நோக்கிச் செல்லும் சாலையின் புளியமரங்கள், காற்றில்லாத அம் மாலைப்பொழுதில், தொலைவிலிருந்து வரும் எதையோ செவிமடுப்பனபோல் நின்றன.

கட்டடங்களுக்கு வடிவம் தீட்டும் அக் குழுவினரிடம் ஒரு முறைமை இருந்தது. முன்னொருகால், பள்ளிக்கட்டடம் ஒன்றின் வரைபடத்தை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கமாய்க் குதறியெடுக்க, அதனை வரைந்த செங்கமலம் கண்ணீரோடு எழுந்து சென்று பன்னாள் திரும்பாதிருந்தாள். அதன்பின் வரதன் வகுத்தான்: வரைந்தவர் தாம் அறிய விரும்புவதைக் கேள்வியாக வைக்கவேண்டும்; ஏனையோர் அதற்கு மட்டுமே விடையிறுக்கவேண்டும்; கேளாததைப் பேசலாகாது. அம் முறைமையால் சினம் தணிந்தது, சொல் கூர்மையுற்றது, வேலையும் செழித்தது என்பதை, சுவையறிந்து படிப்போரே, மறையாது சொல்லவேண்டும்.

நடுவே விரிந்து கிடந்தது, சதுரங்கப்பட்டினத்து மீனவர் குப்பத்தில் எழவிருக்கும் புயற்காப்பு மனையின் வரைபடம். நால்வர் ஒப்பமும் தாங்கி மாலை அஞ்சலில் அது செல்லாவிடின் பணி வேறொருவர்க்குப் போய்விடும். சாம் தொண்டையைச் செருமிக்கொண்டு, முகப்பின் தூண்கள் காண்பார் கண்ணுக்கு நிறைவாயுள்ளனவா என்று கேட்டான்.

தூண்களின் அடி பருக்கவேண்டும் என்றாள் செங்கமலம். இடைவெளி குறையவேண்டும் என்றான் வரதன். சாம் ஒவ்வொன்றையும் மகிழ்ந்தேற்றுத் திருத்தத் திருத்த, முகப்பு மணக்கோலம் பூண்டாற்போல் பொலிவு பெற்றது. ரூத்தின் கண்களோ தூண்களில் நில்லாமல், அவற்றினிடையே கடலை நேர்நோக்கித் திறந்திருந்த ஒரே தலைவாயிலில் நிலைத்தன. பின்புறம் முழுவதையும் சமையற்கட்டும் கழிப்பறையும் அடைத்திருந்தன, மாற்றுவழி இல்லை. புயல் வருந் திசையும் அலை ஏறுந் திசையும் அவ் வாயிலின் திசையே. அக் குப்பத்தின் முதல் தெருவில்தான் அவள் தமக்கை பிரிசில்லா தன் சிறுமக்களோடு வாழ்கிறாள்.

“தூணு நல்லாத்தான் கீது சாம். ஆனா வாசல் கடலைப் பார்த்துகினு கீதே. தண்ணி உள்ள பூந்தா ஜனம் எந்தப் பக்கம் ஓடும்?” என்றாள் ரூத்.

“இன்னா ரூத்து, தூணைக் கேட்டா வாசலுக்குப் போறே? அடுத்து கூரையில ஓட்டைன்னுவியா?” என்று சாம் சிரித்தான். செங்கமலமும் சிரித்தாள், ஆயினும் அவள் விழிகள் ஒருமுறை அவ் வாயிலின்மேற் சென்று மீண்டன.

வரதன் பலகையை விரலால் தட்டியபடி இருந்தான். ரூத் சொன்னதில் பொருளுண்டென அவன் அறிவான்; எனினும் தான் வகுத்த வரம்பைத் தானே மிதித்தால், பழைய கண்ணீர் மீண்டும் அவ்வறைக்குள் நுழையுமென அஞ்சினான். “சாம், வாசலைப் பத்தி நீயே கேக்குறியா? கேட்டின்னா பேசலாம்” என்றான்.

வாயில் மாறினால் முகப்பு மாறும். முகப்பு மாறினால், யாவரும் இப்போது புகழ்ந்த தூண்களும் போம். சாம் இருண்டுவரும் சாளரத்தைப் பார்த்தான்.

“வேணாம் அண்ணாத்த. அடுத்த தபா பார்த்துக்கலாம்.”

மூவரும் ஒப்பமிட்டனர். எழுதுகோல் வடபுறம் வந்து நின்றது. ரூத் அதனை எடுக்கவில்லை. செங்கமலம் அவள் பக்கம் சாய்ந்து, “போட்டுடு ரூத்து. கட்டும்போது சொல்லிக்கலாம். நம்ம நாலு பேர் வேலை இது” என்று தாழ்ந்த குரலில் வேண்டினாள். கட்டும்போது சொல்லலாம் என்னும் அச் சிறு நம்பிக்கையைப் பற்றிக்கொண்டு, மூழ்குவான் கயிற்றைப் பற்றுமாறுபோல், அவளும் ஒப்பமிட்டாள்.

உறையொட்டுவது அவ்வாரம் ரூத்தின் முறை. ஓரத்தில் பசை தடவுகையில், தமக்கை முந்தையநாள் தொலைபேசியில் சொன்னது அவள் செவியில் ஒலித்தது: “இனிமே புயலுன்னா பயமில்லடி. பசங்களைத் தூக்கிகினு நேரா அங்க ஓடிடுவேன்.”

வகுத்த முறை நன்று; அது நாவைக் காக்கும், நட்பைக் காக்கும். ஆயினும் மனிதர் கேளாது விட்ட கேள்வியைக் கடல் ஒருநாள் கேட்கும். அன்று விடையிறுக்க நிற்போர், அந் நீள்பலகையைச் சூழ்ந்து அமர்ந்தவராய் இரார்.

ரூத் உறையின் மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, படியில் காத்திருந்த அஞ்சற்காரர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பையிலிட்டுக் கொண்டு போனார்.